வரிகளுக்கு முன்பே வந்துசேர்ந்த கவிஞர்: ஸ்பானிய மொழியில் வால்ட் விட்மன்

ஸ்பானிய மொழியில் அமெரிக்கக் கவிஞர் வால்ட் விட்மனின் கவிதைகள் தனிப் புத்தகமாக வெளிவந்தது 1912-இல். அதற்குக் கால் நூற்றாண்டு முன்பே அந்த மொழியின் வாசகர்களுக்கு அவருடைய முகம் பழகிப் போயிருந்தது. நெஞ்சில் படர்ந்த வெண்தாடி, காடு போன்ற புருவம், தடியின் மேல் ஊன்றிய கை. கவிதையைப் படிக்கும் முன்பே கவிஞரைக் கொண்டாடத் தொடங்கிவிட்ட வாசக உலகம் அது. அதனால் பின்னால் வந்த மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொருவரும் ஆங்கில மூலத்தைத் திறந்தபோது, தம் மனத்தில் ஏற்கெனவே குடியேறியிருந்த ஒரு விட்மனோடுதான் அதைத் திறந்தார்கள். அவருடைய உரைநடையோ மிகத் தாமதமாக வந்தது, அதுவும் குறைவாகவே வந்தது. ஸ்பானிய விட்மனின் உருவத்தைத் தீர்மானித்தது இந்த வரிசைதான் என்று நான் கருதுகிறேன்: முதலில் முகம், பிறகு பாட்டு, கடைசியில் உரைநடை.

விட்மன் 1819-இல் நியூயார்க்கின் லாங் ஐலண்டில் பிறந்தவர். அச்சுக்கோப்பாளர், பள்ளி ஆசிரியர், பத்திரிகையாளர் என்று பல வேலைகள் பார்த்தவர். 1855-இல் புரூக்ளினில் அவர் தம் சொந்தச் செலவில் அச்சிட்ட ‘புல்லின் இதழ்கள்’ முதல் பதிப்பில் இருந்தவை தலைப்பில்லாத 12 கவிதைகள். அச்சான பிரதிகள் 795. 1892-இல் இறக்கும்வரை அந்த ஒரே புத்தகத்தைத் திருத்தியும் பெருக்கியும் திரும்பத் திரும்ப வெளியிட்டுக்கொண்டே இருந்தார். அதன் இதயமாகிய நெடுங்கவிதைக்கு ‘என்னைப் பாடும் பாட்டு’ என்ற தலைப்பே 1881-இல்தான் வந்தது, 52 பகுதிகள். எதுகையும் இல்லை, சீர்க் கணக்கும் இல்லை. மூச்சு போகிற தூரம் வரி போகும்.

இந்தப் புதுமை தமிழுக்கும் சீக்கிரமே எட்டியது. பாரதியார் தம் ‘நகரம்’ என்ற கட்டுரையில் விட்மனைப் பற்றி எழுதியிருக்கிறார். எதுகை, மோனை, தளை எதுவும் இல்லாமல் வசனம் போலவே தோன்றினாலும் ஆழ்ந்த ஓசை உடையது அந்தக் கவிதை என்பதை அவர் சட்டென்று கண்டுகொண்டார். பாரதியின் வசன கவிதைகளைப் படித்தவர்களுக்கு, ஸ்பானிய மொழிக் கவிஞர்கள் விட்மனிடம் எதைக் கண்டு அதிர்ந்தார்கள் என்று விளக்க வேண்டியதில்லை. அசை எண்ணி எழுதும் மரபு பல நூற்றாண்டுகளாக இறுகிப் போயிருந்த மொழி அதுவும்.

அந்த அதிர்ச்சியை முதலில் எழுத்தில் வைத்தவர் கியூபாவின் ஹோசே மார்த்தி. ஸ்பெயினின் ஆட்சியிலிருந்து தம் தீவை விடுவிக்கப் போராடியவர். 1880 முதல் நியூயார்க்கில் நாடிழந்தவராகப் பல ஆண்டுகள் வாழ்ந்து, லத்தீன் அமெரிக்கப் பத்திரிகைகளுக்குச் செய்திக் கட்டுரைகள் அனுப்பிக்கொண்டிருந்தவர். 1887 ஏப்ரல் 14 அன்று நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் அரங்கில் விட்மன் ஆபிரகாம் லிங்கனைப் பற்றி உரையாற்றினார். அதை ஒட்டி மார்த்தி எழுதிய கட்டுரை அந்த ஆண்டே மெக்சிகோவின் ‘எல் பார்த்திதோ லிபரால்’ பத்திரிகையிலும் புவனோஸ் அயர்ஸின் ‘லா நாசியோன்’ பத்திரிகையிலும் வந்தது. சிவப்பு வெல்வெட் நாற்காலியில் நேற்றிரவு அவர் கடவுளைப் போல் அமர்ந்திருந்தார் என்ற ஒரு நாளேட்டின் வரியோடு அது தொடங்குகிறது.

இந்தக் கட்டுரையில் எனக்கு வியப்பு தருவது வேறொன்று. மார்த்தி விட்மனின் வரிகளைத் தனியே பிரித்து, மேற்கோள் குறியிட்டு, மொழிபெயர்ப்பாகக் கொடுப்பது குறைவு. பல இடங்களில் அவற்றைத் தம் வாக்கியத்துக்குள்ளேயே கரைத்துவிடுகிறார். ஒரு பத்தி ஓடிக்கொண்டிருக்கும். அதில் எது விட்மன், எது மார்த்தி என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆக, ஸ்பானிய மொழியில் இவ்வளவு பரவலாகப் படிக்கப்பட்ட முதல் விட்மன் வரிகள் இன்னொரு மாபெரும் எழுத்தாளரின் உரைநடையாகத்தான் அச்சேறின. மக்களுக்குத் தொழிலைவிடக் கவிதை அவசியம் என்று மார்த்தி முழங்கும் புகழ்பெற்ற பகுதியும் இந்தக் கட்டுரையில்தான் இருக்கிறது. அது மார்த்தியின் நம்பிக்கை. ஆனால் படித்தவர்கள் அதையும் விட்மன் கணக்கிலேயே சேர்த்துக்கொண்டார்கள்.

இதே கட்டுரையில் மார்த்தி ஒரு கதவை அடைத்தும் வைத்தார். ஆண்களுக்கிடையிலான நேசத்தைப் பாடும் ‘கலாமஸ்’ கவிதைகளில் உடல் வேட்கையைக் காண்பவர்களை அவர் கடிந்துகொள்கிறார். அது தூய தோழமை என்கிறார். தம் வாசகர்களிடமிருந்து விட்மனைக் காப்பாற்றுவதாக அவர் எண்ணியிருக்கக்கூடும். அந்தக் கதவைத் திறக்க நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

அடுத்து நிகரகுவாவின் ரூபன் தாரியோ. அவருடைய ‘அசூல்’ நூலின் 1890 பதிப்பில் விட்மனைப் பற்றி ஒரு சானெட் (பதினான்கு வரிப் பாட்டு) உண்டு. இரும்பு நாட்டில் வாழும் பெருங்கிழவர், குலமுதல்வரைப் போல் அழகர், அமைதியானவர், புனிதர் என்று அது வணங்குகிறது. எதுகையும் சீரும் கச்சிதமாக அமைந்த பாட்டு. விட்மன் உடைத்தெறிந்த அதே வடிவத்தில் விட்மனுக்கு வணக்கம் சொல்கிறார் தாரியோ. அப்போது ஸ்பானிய மொழிக்கு விட்மனின் முகம் வந்திருந்தது, மூச்சு வரவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. 1904-இல் தாரியோ எழுதிய ‘ரூஸ்வெல்ட்டுக்கு’ என்ற கவிதை இன்னும் முக்கியமானது. பனாமாவைக் கொலம்பியாவிலிருந்து பிரித்து வைத்த அமெரிக்க ஜனாதிபதியை நோக்கி, வேட்டைக்காரனே, உன்னை வந்தடைய பைபிளின் குரலோ விட்மனின் கவிதையோதான் வேண்டும் என்று அது தொடங்குகிறது. அமெரிக்காவின் கவிஞரை அமெரிக்காவுக்கு எதிராக நிறுத்தும் வழக்கம் அங்கே பிறந்தது. அந்த வழக்கத்துக்கு நெடும் ஆயுள் இருந்தது.

இவ்வளவுக்கும் பிறகுதான் புத்தகம் வருகிறது. உருகுவேயின் கவிஞர் ஆர்மாந்தோ வாசேர், ஸ்பெயினின் சான் செபஸ்தியானில் தம் நாட்டுத் தூதரக அதிகாரியாக இருந்தபோது செய்த மொழிபெயர்ப்பை, வலென்சியாவின் செம்பெரே பதிப்பகம் 1912-இல் ‘கவிதைகள்’ என்ற எளிய தலைப்பில் வெளியிட்டது. (ஸ்பெயின் மண்ணில் அதற்கும் மூன்று ஆண்டுகள் முன்பே, 1909-இல், பார்சிலோனாவில் செப்ரியா மொந்தொலியு ஒரு தேர்வைக் கொண்டுவந்துவிட்டார். ஆனால் அது கத்தலான் மொழியில்.) வாசேர் ஆங்கிலத்தை நேரே நம்பி வேலை செய்யவில்லை, லூயிஜி காம்பெராலேயின் இத்தாலிய மொழிபெயர்ப்பில் அவர் பெரிதும் சாய்ந்திருந்ததை ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். வரிகளைச் சேர்ப்பதும் விடுவதும் அவரிடம் தாராளம். குறை சொல்ல இடம் நிறைய உண்டு.

ஆனால் செம்பெரே பதிப்பகத்தின் புத்தகங்கள் மலிவானவை. தொழிலாளர் சங்க நூலகங்களுக்கும் மாணவர் கைகளுக்கும் போனவை. கடல் தாண்டிச் சிலி வரைக்கும் போனவை. அந்நாட்டுக் கவிஞர் பாப்லோ நெரூதா பதினைந்து வயதில் விட்மனைக் கண்டடைந்ததாகச் சொல்லியிருக்கிறார். அவர் பிறந்தது 1904-இல். ஆகவே அது 1919 வாக்கில். அந்தக் காலத்தில் ஸ்பானிய மொழியில் ஒரு பையன் கையில் அகப்படக்கூடிய விட்மன் தொகுப்பு வாசேருடையதுதான். இத்தாலி வழியாகச் சுற்றி வந்த, வரிகள் கூடியும் குறைந்தும் இருந்த ஒரு மொழிபெயர்ப்பு ஒரு கண்டத்தின் கவிதையையே நகர்த்தியது. துல்லியம் ஒன்றை மட்டுமே வைத்து மொழிபெயர்ப்பை எடைபோடுபவர்கள் வாசேரின் முன்னால் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும்.

மார்த்தி அடைத்த கதவைத் திறந்தவர் ஸ்பெயினின் கவிஞர் ஃபெதெரிக்கோ கார்சியா லோர்க்கா. 1929-30-இல் அவர் நியூயார்க்கில் இருந்தார். அப்போது அமெரிக்காவில் ஸ்பானியம் கற்பித்துக்கொண்டிருந்த லியோன் ஃபெலிப்பேயோடு பழக்கம் ஏற்பட்டது. விட்மனை அவர் நெருங்கியறிந்தது ஃபெலிப்பேயின் வழியாக என்பர். 1930 ஜூனில் லோர்க்கா எழுதிய ‘வால்ட் விட்மனுக்கு ஓர் ஓட்’ (ஓட் என்பது விளித்துப் பாடும் பாட்டு) கவிதையில் அந்தத் தாடி மறுபடி வருகிறது, இம்முறை வண்ணத்துப்பூச்சிகள் நிறைந்ததாக. ஆணை நேசிக்கும் ஆணாக விட்மனை ஸ்பானிய மொழியில் வெளிப்படையாக அழைத்த கவிதை அது. வலியும் கோபமும், தம்மைப் போன்ற சிலர் மீதே கடுஞ்சொல்லும் கலந்து கிடக்கிற, படிக்கக் கடினமான கவிதை. 1933-இல் மெக்சிகோவில் தனிச்சுற்றுக்கு 50 பிரதிகள் அச்சாயின. லோர்க்காவின் வாழ்நாளில் ஸ்பெயினில் அது முழுமையாக வெளிவரவில்லை. 1936-இல் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அந்த ஃபெலிப்பேதான் அடுத்த பெரிய மொழிபெயர்ப்பாளர். 1884-இல் சமோரா மாகாணத்தின் தாபராவில் பிறந்த அவர் மருந்துக்கடைக்காரராகவும் நாடக நடிகராகவும் இருந்தவர், சிறை சென்றவர், உள்நாட்டுப் போரில் குடியரசின் பக்கம் நின்றவர், பின்னர் மெக்சிகோவில் அகதியானவர். ‘என்னைப் பாடும் பாட்டு’க்கு அவர் செய்த மொழிபெயர்ப்பான ‘கான்தோ அ மி மிஸ்மோ’ 1941-இல் புவனோஸ் அயர்ஸின் லொசாதா பதிப்பகத்திலிருந்து வந்தது. லொசாதாவும் ஸ்பெயினிலிருந்து வந்தவர் தொடங்கிய நிறுவனம்தான். தாய்நாட்டில் பாசிசம் வென்றுவிட்டது, உலகப் போர் நடக்கிறது. நாடிழந்த ஒரு ஸ்பானியக் கவிஞர், ‘நான்’ என்று தொடங்கி எல்லோரையும் அந்த நானுக்குள் அழைத்துக்கொள்ளும் ஒரு கவிதையைக் கையில் எடுக்கிறார். இந்தச் சூழலை ஒதுக்கிவிட்டு அந்த மொழிபெயர்ப்பைப் படித்தால் அதன் உரத்த குரல் மிகையாகத்தான் தோன்றும்.

கவிதையின் முதல் மூன்று வரிகளைப் பாருங்கள். ஆங்கிலத்தில் விட்மன் சொல்வது ஏறத்தாழ இது: என்னை நான் கொண்டாடுகிறேன், என்னைப் பாடுகிறேன், நான் மேற்கொள்வதை நீயும் மேற்கொள்வாய், ஏனெனில் என்னைச் சேர்ந்த ஒவ்வோர் அணுவும் அதே அளவுக்கு உன்னையும் சேர்ந்தது. ஃபெலிப்பே இதை நான்கு வரிகளாக்குகிறார். இரண்டாம் வரி, இப்போது நான் என்னைப் பற்றிச் சொல்வதை உன்னைப் பற்றித்தான் சொல்கிறேன் என்று மாறுகிறது. மூன்றாவதாக, என்னிடம் இருப்பது உன்னிடமும் இருக்கிறது என்று புதிதாக ஒரு வரி சேர்கிறது. கூட்டத்தின் நடுவே எழுந்து நின்று பேசுகிறவரின் தெளிவுபடுத்தல் இது. ‘மேற்கொள்வது’ என்ற வினையில் விட்மன் வைத்த சிறு மர்மம், ஒருவர் ஒன்றைத் தம்முடையதாக எடுத்துக்கொள்ளும்போது மற்றவரும் எடுத்துக்கொள்ள நேரும் என்ற அந்த மெல்லிய வற்புறுத்தல், இங்கே காணாமல் போகிறது. அதற்குப் பதில் ஒரு வாக்குறுதி கிடைக்கிறது. நூல் முழுவதும் இப்படித்தான். நீண்ட வரிகளைப் பிளந்து குறுவரிகளாக்குகிறார், கேள்வியும் விளியும் கூட்டுகிறார், பட்டியல்களை உடைக்கிறார்.

இதைக் கண்டு பொறுக்காதவர் அர்ஜென்டினாவின் எழுத்தாளர் ஹோர்ஹே லூயிஸ் போர்ஹேஸ். 1942-இல் ‘சுர்’ இதழில் அவர் எழுதிய மதிப்புரை கடுமையானது. பைபிளின் சங்கீதங்களைப் போன்ற நீண்ட குரலிலிருந்து, ஆந்தலூசியாவின் கான்தே ஹோந்தோ பாட்டுக்காரர்களின் அகம்பாவச் சிற்றொலிகளுக்கு இறங்கிவிட்டோம் என்பது அதன் சாரம். அவருக்கு அப்படிச் சொல்லும் தகுதி இருந்தது. இளமையில் ஜெனீவாவில் படித்தபோது யோஹானஸ் ஷ்லாஃபின் ஜெர்மன் மொழிபெயர்ப்பில் விட்மனை முதலில் கண்டு, பிறகு லண்டனிலிருந்து மூலத்தை வரவழைத்தவர் அவர். சில காலம் உலகின் ஒரே கவிஞர் விட்மன்தான் என்று நம்பியவர். 1919-இல் செவில்லியாவின் ‘கிரேசியா’ இதழில் வந்த அவருடைய முதல் கவிதை ‘கடலுக்கு ஒரு துதிப்பாட்டு’ விட்மனைப் போல் எழுத முயன்றதுதான் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

போர்ஹேஸின் சொந்த மொழிபெயர்ப்பு, முழு நூலன்று, ஒரு தேர்வு, 1969-இல் புவனோஸ் அயர்ஸில் வந்தது. பார்வை இழந்து ஆண்டுகள் பல கடந்த பிறகு. முதல் வரிகள் அவரிடம் மூன்றாகவே நிற்கின்றன: நான் என்னைக் கொண்டாடுகிறேன், நான் என்னைப் பாடுகிறேன், என்னுடையது அனைத்தும் உன்னுடையதும்கூட, என் உடலில் உனக்குச் சொந்தமில்லாத ஓர் அணுவும் இல்லை. வரியின் நீளமும் அமைதியும் திரும்பிவிட்டன. ஆனால் ‘மேற்கொள்வது’ இங்கும் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஃபெலிப்பேயைக் கண்டித்தவரும் அதே இடத்தில் வளைந்துதான் போகிறார்.

இன்னொரு நுட்பமும் இதில் இருக்கிறது. தமிழைப் போலவே ஸ்பானியத்திலும் வினைமுற்றே ஆளைக் காட்டிவிடும். ‘நான்’ என்று தனியே சொல்லத் தேவையில்லை. ஆங்கிலத்தில் ‘நான்’ இல்லாமல் வாக்கியமே நடக்காது என்பதால், விட்மனின் ஆயிரக்கணக்கான நான்களில் எது இலக்கணத்துக்காக வந்தது, எது மார்தட்டி வந்தது என்று மூலத்தில் பிரிக்க முடியாது. ஸ்பானிய மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொரு முறையும் முடிவெடுத்தாக வேண்டும். மேடைக் குரலோன் என்று பெயரெடுத்த ஃபெலிப்பேயின் முதல் வரியில் ‘நான்’ என்று பொருள்படும் ‘யோ’ ஒன்றுகூட இல்லை. அடக்கமானவர் என்று நாம் நினைக்கும் போர்ஹேஸின் முதல் வரியில் இரண்டு இருக்கின்றன. இதை நான் போர்ஹேஸின் விட்மன் கருத்தோடு சேர்த்துப் பார்க்கிறேன். விட்மனைப் பற்றிய தம் கட்டுரையில் அவர் இரண்டு விட்மன்களைப் பிரிக்கிறார்: கவிதைக்குள் நடமாடும், நேசமும் பேச்சும் பெருக்கெடுக்கும் காட்டு மனிதன் ஒருவன், அவனைக் கற்பனை செய்த ஏழை எழுத்தாளன் இன்னொருவன். முதல் வரியிலேயே ‘யோ’வை இரண்டு முறை ஒலிக்கச் செய்தால், பேசுவது ஒரு பாத்திரம் என்பது காதில் விழுகிறது. ஃபெலிப்பேக்குப் பேசுவது தாமேதான். அதை அறிவிக்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை.

‘நீ’ இன்னும் பெரிய சிக்கல். ஆங்கிலத்தின் அந்த ஒரு சொல் ஒருவரையும் குறிக்கும், பலரையும் குறிக்கும். ஆணா பெண்ணா என்றும் சொல்லாது. மரியாதை நிலையையும் காட்டாது. விட்மனின் கலையில் பாதி இந்த மயக்கத்தில் இருக்கிறது. படிக்கிறவர் தம்மைத் தனியே அழைக்கிறார் என்றும் உணரலாம், ஒரு தேசத்தையே அழைக்கிறார் என்றும் உணரலாம். ஸ்பானியத்திலோ ஒருமையா பன்மையா, நெருக்கமா மரியாதையா என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பன்மையில் ஸ்பெயினுக்கு ஒரு வடிவம், லத்தீன் அமெரிக்காவுக்கு வேறொன்று. அர்ஜென்டினாவில் ஒருமையிலேயே வேறொரு சொல் வழங்குகிறது. அத்தோடு பெயரடைகள் பாலைக் காட்டிவிடும். விட்மன் பால் சொல்லாமல் விட்ட இடங்களில் ‘களைத்த’, ‘தனித்த’ என்று ஒரு சாதாரண அடைமொழி வந்தாலே மொழிபெயர்ப்பாளர் அது ஆணா பெண்ணா என்று தீர்ப்பெழுதியவர் ஆகிறார். ‘கலாமஸ்’ பகுதியில் இந்தத் தீர்ப்பின் கனம் எவ்வளவு என்று சொல்ல வேண்டியதில்லை. மார்த்தியின் பக்கமா லோர்க்காவின் பக்கமா என்ற கேள்வி அங்கே ஓர் உயிரெழுத்து விகுதிக்குள் வந்து நிற்கும்.

முழு ‘புல்லின் இதழ்கள்’ ஸ்பானியத்துக்கு வந்தது ஈக்வதோரில். பிரான்சிஸ்கோ அலெக்சாண்டரின் மொழிபெயர்ப்பு 1953-இல் கித்தோவின் பண்பாட்டு இல்லத்திலிருந்து வெளியானது. பெரிய கவிஞர் என்ற பெயர் இல்லாதவர். தம் குரலைப் புகுத்தும் ஆசையும் இல்லாதவர். சொல்லுக்குச் சொல் நிற்கிறார் என்று குறைபட்டாலும், இருப்பவற்றில் சிறந்தது அவருடையதே என்று போர்ஹேஸே தம் முன்னுரையில் எழுதினார். அதற்கு முன் 1946-இல், பிராங்கோ ஆட்சியின் மாத்ரித்தில், அகிலார் பதிப்பகம் கொஞ்சா சர்தோயாவின் மொழிபெயர்ப்பில் ஒரு பெரிய தேர்ந்தெடுத்த தொகுதியை வெளியிட்டது. விரிவான வாழ்க்கை ஆய்வும் குறிப்புகளும் சேர்ந்த அந்த உழைப்புக்கு, இரு பெரும் ஆண் கவிஞர்களின் சண்டையில் கிடைத்த கவனத்தில் பத்தில் ஒரு பங்குகூடக் கிடைக்கவில்லை. இது எனக்கு வருத்தமானது. 2014-இல் எத்வார்தோ மோகா பார்சிலோனாவில் இருமொழிப் பதிப்பாக முழு நூலையும் மீண்டும் கொண்டுவந்தார்.

மொழிபெயர்ப்பு என்ற பெயர் இல்லாமலேயே விட்மனை ஸ்பானியத்துக்குள் அதிகம் கொண்டுவந்தவர் நெரூதா. 1950-இல் வந்த ‘கான்தோ ஜெனரல்’ விட்மனிடம் குரலைக் கடன் கேட்கிறது. 1956-இன் ‘புதிய எளிய ஓட்கள்’ தொகுப்பில் விட்மனுக்கான ஓட், எந்த வயதில் எங்கே என்று நினைவில்லை, ஒரு கையைத் தொட்டேன், அது விட்மனின் கை என்று தொடங்குகிறது. 1972-இல் நியூயார்க்கில் பேசும்போது, ஸ்பானியத்தில் எழுதும் தாம் செர்வாந்தெஸிடம் கற்றதைவிட விட்மனிடம் கற்றது அதிகம் என்றார். அடுத்த ஆண்டு, சிலியின் அலெந்தே அரசு நெருக்கடியில் இருந்தபோது, நிக்சனைத் தாக்கி ஒரு கவிதை நூல் எழுதினார். அதன் முதல் கவிதை விட்மனைத் துணைக்கு அழைக்கிறது. தாரியோ 1904-இல் தொடங்கி வைத்தது எழுபது ஆண்டுக்குப் பிறகும் அதே வேகத்தில் இருந்தது.

இங்கேதான் உரைநடை இல்லாத குறை உறுத்துகிறது.

விட்மன் 1846 முதல் 1848 வரை ‘புரூக்ளின் டெய்லி ஈகிள்’ நாளேட்டின் ஆசிரியர். அது அமெரிக்கா மெக்சிகோ மீது போர் தொடுத்த காலம். போரை ஆதரித்து அவர் தலையங்கம் எழுதினார். மெக்சிகோவை நன்றாகத் தண்டிக்க வேண்டும் என்றார். புதிய உலகத்தை உயர்ந்த இனத்தால் நிரப்பும் மாபெரும் பணியில், பரிதாபமான, திறமையற்ற மெக்சிகோவுக்கு என்ன வேலை என்று கேட்டார். போரின் முடிவில் மெக்சிகோ தன் நிலத்தில் ஏறக்குறையப் பாதியை இழந்தது. இந்தத் தலையங்கங்கள் ஆங்கிலத்திலேயே 1920-இல்தான் நூலாகத் தொகுக்கப்பட்டன. தாரியோ அவரை ரூஸ்வெல்ட்டுக்கு எதிராக நிறுத்தியபோது அவற்றை அறிந்திருக்க வழியில்லை. நெரூதாவின் காலத்தில் அறிய வழி இருந்தது.

கவிதையிலும் தடயம் இல்லாமல் இல்லை. ‘என்னைப் பாடும் பாட்டு’ 34-ஆம் பகுதி, 1836-இல் டெக்சாஸின் கோலியாத்தில் சரணடைந்த 412 இளைஞர்களை மெக்சிகோ ராணுவம் கொன்றதைப் பாடுகிறது. கொலை கொடூரமானதுதான், அதில் ஐயமில்லை. ஆனால் அந்த இளைஞர்களை அவர் வருணிக்கும் பாங்கில் டெக்சாஸைப் பிரித்தெடுக்க வந்த குடியேறிகளின் பெருமிதம் முழுதாக ஒலிக்கிறது. எல்லாருக்கும் பொதுவான ‘நான்’ அங்கே ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது. ஸ்பானிய மொழியில் இந்தப் பகுதி அச்சாகிக்கொண்டே இருந்தும், கண்டத்தின் தந்தை என்ற உருவத்தை அது நெடுங்காலம் அசைக்கவில்லை. 1971-இல்தான் மெக்சிகோவின் மவுரிசியோ கொன்சாலெஸ் தெ லா கார்சா பத்திரிகை எழுத்துகளைத் திரட்டி, விட்மனை இனவெறியர், ஏகாதிபத்தியவாதி, மெக்சிகோவின் எதிரி என்று தலைப்பிலேயே குற்றஞ்சாட்டி ஒரு புத்தகம் எழுதினார். அளவு மீறிய புத்தகம். ஆனால் எண்பது ஆண்டு வழிபாட்டுக்குப் பின் அளவோடு ஒரு மறுப்பு வந்திருக்கும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

உரைநடையை முழுதாகப் படித்திருந்தால் இரண்டு பக்கமும் தப்பியிருக்கும். ஏனென்றால் அதே விட்மன், 1883-இல், சாந்தா ஃபே நகரம் தன் 333-ஆம் ஆண்டைக் கொண்டாட அழைத்தபோது எழுதிய கடிதத்தில் வேறு மனிதராகப் பேசுகிறார். அமெரிக்கர்களாகிய நாம் நம் முன்னோரை இன்னும் அறியவில்லை, எல்லாம் பிரிட்டிஷ் தீவிலிருந்து வந்ததென்று எண்ணுவது பெரும் பிழை, வரப்போகும் அமெரிக்கக் கலவைக்கு மிகவும் வேண்டிய சில பண்புகளை ஸ்பானிய இயல்புதான் தரும் என்கிறார். 1888-இன் ‘நவம்பர் கிளைகள்’ நூலில் இது சேர்ந்தது. 27 வயதுத் தலையங்க ஆசிரியருக்கும் 64 வயது நோயாளிக்கும் இடையே அமெரிக்க உள்நாட்டுப் போர் கிடக்கிறது. அந்தப் போரின் மருத்துவமனைகளில் அறுநூறுக்கும் மேற்பட்ட முறை சென்று, எண்பதாயிரம் முதல் ஒரு லட்சம் வரையிலான காயம்பட்டோரிடையே நடந்ததாக அவரே கணக்கிடுகிறார். அந்தக் குறிப்புகள்தாம் 1882-இல் வந்த ‘மாதிரி நாட்கள்’ நூலின் மையம். உண்மையான போர் ஒருபோதும் புத்தகங்களில் ஏறாது என்ற வரி அங்கேதான் இருக்கிறது. சிப்பாய்க்கு ஆரஞ்சுப் பழம், எழுதத் தாள், சில காசு என்று கொடுத்துக்கொண்டு படுக்கை படுக்கையாகப் போகும் அந்த மனிதர் கடவுள் போல் நாற்காலியில் அமர்ந்தவர் அல்லர்.

1871-இன் ‘ஜனநாயகக் காட்சிகள்’ இன்னும் கூர்மையானது. போருக்குப் பிந்தைய அமெரிக்காவின் ஊழலையும் பணவெறியையும் உள்ளீடற்ற தன்மையையும் விட்மன் அதில் வெளிப்படையாகச் சாடுகிறார். தாரியோவும் நெரூதாவும் தேடிய ஆயுதம் விட்மனின் கையாலேயே செய்யப்பட்டு அங்கே தயாராக இருந்தது. ஸ்பானியத்தில் அது 1940-களில்தான் புவனோஸ் அயர்ஸில் நூலாகக் கிடைத்தது; அதற்குள் விட்மன் என்றால் யார் என்பது முடிவாகியிருந்தது. அதைப் படித்தவர்களைவிட ஃபெலிப்பேயை மனப்பாடம் செய்தவர்கள் பல மடங்கு.

இப்போது நிலைமை மாறிவருகிறது. 1852-இல் ஒரு நியூயார்க் வாரப் பத்திரிகையில் விட்மன் பெயரில்லாமல் எழுதிய ‘ஜாக் எங்கில்’ என்ற சிறு நாவல், ஸக்கரி டர்பின் என்ற ஆய்வாளரால் கண்டெடுக்கப்பட்டு 2017-இல் வெளியானது. ஸ்பானிய மொழிபெயர்ப்பு வர அதிக காலம் ஆகவில்லை. நாவல் சுமாரானதுதான். ஆனால் உரைநடை விட்மனைத் தேடிப் படிக்கும் வாசகர்கள் ஸ்பானியத்தில் உருவாகிவிட்டார்கள் என்பதை அது காட்டுகிறது.

ஓரளவு ஸ்பானியம் தெரிந்த தமிழ் வாசகர் யாராவது இந்த வழியில் இறங்க விரும்பினால், ஃபெலிப்பேயை வாய்விட்டுப் படித்துப் பார்க்கச் சொல்வேன். அவர் அதற்காகத்தான் எழுதினார். போர்ஹேஸை மூலத்தின் பக்கத்தில் வைத்து, வரி வரியாக, ‘யோ’ எங்கே வருகிறது எங்கே மறைகிறது என்று பார்த்துக்கொண்டே படிக்கலாம். முழுமைக்கு அலெக்சாண்டரோ மோகாவோ. மார்த்தியின் 1887 கட்டுரையை மட்டும் முதலில் படிக்க வேண்டாம். ‘ஜனநாயகக் காட்சிக’ளையும் 34-ஆம் பகுதியையும் சாந்தா ஃபே கடிதத்தையும் முடித்த பிறகு அதற்கு வாருங்கள்.